பானை நிறைந்தது என்று எழுதப்படவில்லை

நான் பிறந்து வளர்ந்த, மலேசியாவின் கெடா மாநில ரப்பர் தோட்டத்து வீட்டின் சமையற்கட்டில் அரிசிக்கென்று இரண்டு டின்கள் இருந்தன. பெரியது சதுரமான பிஸ்கட் டின். வீட்டுச் சோற்றுக்கான அரிசி அதில் இருக்கும். சிறியது ஒரு பழைய மைலோ டின். உலை வைப்பதற்கு முன் அம்மா பால் டின்னால் அரிசியை அளந்து முறத்தில் கொட்டுவார். பிறகு அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி மைலோ டின்னில் போட்டு மூடுவார். தமிழ்நாட்டுச் சபைகளில் கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று வழங்கிவந்த பழக்கம் அது. என் பாட்டி கப்பலேறி வந்தபோது தம்மோடு கொண்டுவந்தது. மாதத்துக்கு ஒருமுறை உபதேசியார் சைக்கிளில் வந்து வீடு வீடாக அந்த அரிசியைச் சேர்த்துக்கொண்டு போவார்.

ஆண்டின் பெரும்பகுதியில் அந்த ஒரு பிடி எங்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரையிலான நாள்களில்தான் அது பெரிதாகத் தெரியும். அந்த மாதங்களில் வடக்கு மாநிலங்களில் மழை குறையும்; ரப்பர் மரங்கள் இலையெல்லாம் பழுத்துச் சிவந்து உதிர்க்கும். நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும், அண்ணாந்து பார்த்தால் வெறுங்கிளைகளுக்கு நடுவே வானம் தெரியும். புதுத்தளிர் விடுவதற்கு மரம் தன் சத்தைச் செலவிடுவதால் பால் வெகுவாகக் குறைந்துவிடும். அப்பா விடியற்காலையில் உளியோடு போய் அதே நிரையை, அதே மரங்களைத்தான் வெட்டுவார்; ஆனால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தின் அடியை மறைக்கும் அளவுக்குக்கூடப் பால் வடியாத நாள்கள் உண்டு. தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தொங்கும் வாளிகள் லேசாக ஆடிக்கொண்டு திரும்பிவருவதை வைத்தே அன்றைய கூலி என்ன என்பதை அம்மா கணித்துவிடுவார். மளிகைக் கடை முதலாளி கடன் எழுதும் 555 நோட்டில் எங்கள் பெயருக்குக் கீழே வரிகள் கூடிக்கொண்டே போகும்.

அப்படிப்பட்ட ஒரு பிப்ரவரி இரவில் அப்பா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இந்த ஒரு மாசம் மட்டும் அந்த டின்ன நிறுத்தி வையேன். கர்த்தருக்குத் தெரியாதா நம்ம நெலம?" அம்மா கையை எடுக்காமலே பதில் சொன்னார். "அது நம்ம அரிசி இல்லங்க. அளந்தப்பவே தனியா போயிருச்சு." அப்பா அதற்குமேல் பேசவில்லை.

இந்தப் பழைய கதையை இப்போது எழுதக் காரணம், ஐம்பது வயதைக் கடந்த பிறகு என் ஆத்துமாவிலும் இலையுதிர்ந்த ஒரு காலம் வந்ததுதான்.

அது எந்தத் துன்பத்தின் பின்னாலும் வரவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வீட்டில் மரணம் இல்லை, நோய் இல்லை, கடன் இல்லை. பினாங்கில் நாங்கள் செல்லும் தமிழ் மெதடிஸ்ட் சபையில் ஓய்வுநாள் பள்ளி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்; பாடகர் குழுவில் இருந்தேன்; மாதர் சங்கத்தின் பொறுப்பொன்றும் என் கையில் இருந்தது. 2023ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த ஞாயிறன்று அதிகாலை ஆராதனையில் எல்லோரும் எழுந்து நின்று பாடியபோது, என் வாய் பாடுவதையும் உள்ளே ஒன்றும் அசையாதிருப்பதையும் ஒரே நேரத்தில் உணர்ந்தேன். களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அடுத்த வாரமும் அப்படியே இருந்தது. ஜெபிக்க முழங்காலிட்டால் வார்த்தைகள் நாக்கின் நுனியிலேயே நின்றுவிடும். வேதத்தைத் திறந்தால், முப்பது ஆண்டுகளாக நான் கோடு போட்டு வைத்திருந்த வசனங்கள், மின்சாரக் கட்டண ரசீதில் உள்ள எழுத்துகளைப் போல, படிக்க முடிவனவாகவும் எதுவும் சொல்லாதனவாகவும் கிடந்தன. பிள்ளைகளுக்கு இயேசு கடலை அமர்த்திய கதையைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஞாயிறுகள் பல.

சொல்லத் துணிந்து இரண்டு மூன்று பேரிடம் சொன்னேன். அறிக்கையிடாத பாவம் எதுவோ இருக்கும், ஆராய்ந்து பாருங்கள் என்றார் ஒருவர். மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொன்னார் மற்றொருவர். கோலாலம்பூரில் நடக்கவிருந்த எழுப்புதல் கூட்டமொன்றுக்குப் போனால் அபிஷேகம் பெருவெள்ளமாக இறங்கும் என்றார் இன்னொருவர். அவர்கள் அன்பினாலேயே சொன்னார்கள். நானும் ஒவ்வொன்றையும் செய்தேன். என்னை ஆராய்ந்தேன், அறிக்கையிட்டேன், உபவாசித்தேன், பேருந்தேறிக் கூட்டத்துக்கும் போய்வந்தேன். ஒன்றும் மாறவில்லை. மாறாதபோது அந்த ஆலோசனைகள் ஒவ்வொன்றும் ஒரு குற்றச்சாட்டாக என்னிடமே திரும்பிவந்தன. வறட்சி என்றாலே தண்டனை என்று பேசும் பழக்கம் நம் சபைகளில் வேரூன்றிவிட்டது. ஏற்கெனவே தாகத்தில் இருப்பவரின் கையில் இருக்கும் கடைசிச் சொட்டுத் தண்ணீரையும் அது தட்டிவிடுகிறது என்பதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

அந்த நாள்களில் நான் மீண்டும் மீண்டும் போய் நின்ற இடம் 1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரம். சிறுவயதிலிருந்து கேட்ட கதை. ஆகாப் ராஜாவுக்கு முன் நின்று மழை பெய்யாது என்று அறிவித்த தீர்க்கதரிசி எலியா, கேரீத் ஆற்றண்டையில் ஒளிந்திருக்கிறார். காகங்கள் காலையும் மாலையும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவருகின்றன. ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார். அடுத்து வருவது நான் ஒருபோதும் நின்று வாசித்திராத ஒரு வசனம். சில நாள் சென்றபின், தேசத்தில் மழை பெய்யாதபடியினால், அந்த ஆறு வற்றிப்போயிற்று. தேவனே காட்டிய ஆறு அது. எலியா கீழ்ப்படிந்து போய் உட்கார்ந்த இடம். அவர் பாவம் செய்ததால் வற்றியது என்றோ விசுவாசம் குறைந்ததால் வற்றியது என்றோ வேதம் சொல்லவில்லை. மழை இல்லை, ஆகவே ஆறு இல்லை. அவ்வளவுதான். மழை பெய்யாதபடி கருத்தாய் ஜெபம் செய்தவரும் எலியாவே என்று யாக்கோபு தம் நிருபத்தில் எழுதுகிறார். தன் ஜெபத்துக்குக் கிடைத்த பதிலாலேயே அவருடைய ஆறு வற்றியிருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட நாளில்தான் பல மாதங்களுக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆறு வற்றிய பிறகுதான் சாறிபாத்துக்குப் போ என்ற வார்த்தை வருகிறது. அதற்கு முன்பு வரவில்லை. சாறிபாத் சீதோனைச் சேர்ந்த ஊர். எலியாவைக் கொல்லத் தேடிய, ஆகாபின் மனைவி யேசபேலின் தகப்பன் ஆண்ட தேசம் அது. அங்கே அவரைப் பராமரிக்கத் தேவன் நியமித்தவள், தன் மகனோடு கடைசி அடையைச் சுட்டுத் தின்றுவிட்டுச் சாகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு விதவை. அவளிடம் இருந்தது பானையில் ஒரு பிடி மா, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். முதலில் எனக்கொரு சிறிய அடை செய்து கொண்டுவா என்று எலியா கேட்கிறார். அவள் செய்கிறாள். பானையின் மா செலவழிந்துபோகவில்லை, கலசத்தின் எண்ணெய் குறைந்துபோகவில்லை.

பிரசங்கங்களில் இந்த அற்புதத்தைக் கேட்கும்போதெல்லாம், விளிம்புவரை மா நிறைந்து வழியும் பானையொன்றையே நான் மனத்தில் பார்த்திருக்கிறேன். வசனத்தில் அப்படி இல்லை. செலவழியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறதே தவிர, பானை நிறைந்தது என்று எங்கும் எழுதப்படவில்லை. அப்படியானால் அவள் ஒவ்வொரு காலையும் மூடியைத் திறந்தபோது கண்டது என்ன? நேற்று இருந்ததையே கண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். அடியில் ஒட்டிக் கிடக்கும் கொஞ்சம் மா. இன்றைக்கு மூன்று வயிறுகளுக்குப் போதும், நாளைக்கு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்திருந்தால் அங்கே ஓர் அற்புதம் நடப்பதாக அவர்களுக்குத் தோன்றியே இருக்காது. ஆற்றின் ஓட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம், இரவில் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்கலாம். பானையில் அந்த வசதி இல்லை. அதனுள் கையை விட்டுத் துழாவினால்தான் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியும். அநேக நாள் அவர்கள் அப்படிச் சாப்பிட்டார்கள் என்கிறது வேதம்.

முப்பது ஆண்டுகள் நான் ஆற்றங்கரையில் இருந்தவள். ஜெபிக்க உட்கார்ந்தால் கண்ணீர் வரும், பாடினால் உள்ளம் பொங்கும். அந்த உணர்வையே தேவனுடைய பராமரிப்பு என்று நினைத்து, அது நின்றவுடன் பராமரிப்பும் நின்றுவிட்டதென்று தீர்மானித்துவிட்டேன். இஸ்ரவேலரும் இதைச் செய்தார்கள். வனாந்தரத்தில் அவர்களுக்குத் தேவன் கொடுத்த உணவான மன்னாவின் பெயரே, இது என்ன என்று அவர்கள் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. ஒவ்வொரு நாளும் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டுமே சேர்க்கலாம். மறுநாளைக்கு மீத்து வைத்தால் புழுத்து நாறும். ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்க அனுமதி உண்டு. நாற்பது வருஷம் தவறாமல் விழுந்த அந்த உணவைத்தான் எண்ணாகமம் 21ஆம் அதிகாரத்தில் அவர்கள் அற்பமான உணவு என்று வெறுத்துப் பேசினார்கள். ருசி போய்விட்டது, ஆனால் அதைத் தின்றுதான் அவர்களின் கால்கள் நடந்துகொண்டிருந்தன. கர்த்தருடைய ஜெபத்தை லூக்கா எழுதும்போது, வேண்டிய ஆகாரத்தை அன்றன்றும் தாரும் என்றே எழுதுகிறார். ஞாயிறுதோறும் வாய்ப்பாடமாகச் சொன்ன அந்த 'அன்றன்றும்' என்ற சொல்லை நான் கண் திறந்து பார்த்தது அந்த வறண்ட ஆண்டில்தான்.

என் பானையில் என்ன இருந்தது என்று தேடத் தொடங்கினேன். தேடியபோது கிடைத்தவை மிகச் சிறியவை. அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பாட்டி பாயா தெருபோங் பக்கத்தில் மலிவு விலை அடுக்குமாடி வீடொன்றில் தனியாக இருந்தார். ஆயர் ஈத்தாமிலுள்ள என் வீட்டிலிருந்து தூரமில்லை என்பதால் வியாழக்கிழமைகளில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். அது மாதர் சங்கத்தில் எனக்குக் கொடுத்த பொறுப்பு. 2024 ஜனவரி 10ஆம் தேதி முதல், சுங்கை டூவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றும் பணிக்காகப் பினாங்கின் பல பகுதிகளில் சில நாள் தண்ணீர் நிற்கும் என்று அறிவித்திருந்தார்கள். பாட்டியால் வாளி தூக்க முடியாதே என்று முந்தின நாளே போனேன். குளியலறை முழுக்க வாளிகளையும் பிளாஸ்டிக் தொட்டிகளையும் நிரப்பினேன். சமையலுக்கு இரண்டு குடங்கள் தனியே. பாட்டி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, இது குடிக்க, இது கழுவ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். கண் புரையால் அவருக்குப் பார்வை மங்கிப்போயிருந்தது.

வேலை முடிந்ததும் வழக்கம்போலச் சங்கீதம் வாசிக்கச் சொன்னார். இருபத்து மூன்றையோ தொண்ணூற்றொன்றையோ கேட்பார் என்று புரட்டினேன். "எண்பத்தெட்ட வாசி பாப்பா" என்றார். யாரும் பிரசங்கிக்கிற சங்கீதம் அல்ல அது. ஏமான் எழுதியது; பதினெட்டு வசனங்கள்; புலம்பல் சங்கீதங்களில் கடைசிவரை வெளிச்சத்துக்குத் திரும்பாமல் இருளிலேயே முடிவது. எனக்கு வாசிக்கவே தயக்கமாக இருந்தது. குரலில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் வாசித்து முடித்தேன். பாட்டி சற்று நேரம் காத்திருந்தார்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு பாட்டி."

"ஆமா, அவ்வளவுதான். அவருக்கு ஒண்ணும் கெடைக்கல. ஆனா மொத வரி என்னா சொன்னாரு? திரும்ப வாசி."

என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே, இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன். வாசித்தேன். "எங்க வீட்டுக்காரரு போன பெறகு ரெண்டு வருசம் எனக்கு அந்த ஒரு வரிதான் ஓடுச்சு" என்று சொல்லிவிட்டு, குடத்தை மூடினாயா என்று கேட்டார்.

நான் எதையும் சொல்லாமலே என் நிலையை அவர் அறிந்திருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாட்டிக்கு நான் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று மின்தூக்கியில் இறங்கும்போது, சாப்பிட்டுவிட்டு வந்தவள் நான் என்று தெரிந்தது. உணர்ச்சி எதுவும் பொங்கவில்லை. ஆனால் அன்றிரவு முழங்காலிட்டு அந்த ஒரு வரியை மட்டும் சொன்னேன். மறுநாளும் அதையே சொன்னேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் இல்லை. அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

மெதடிஸ்ட் சபையாராகிய நாம் ஒவ்வோர் ஆண்டும் மே 24ஆம் தேதியை ஒட்டி, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் மனமாற்றத்தை நினைவுகூர்கிறோம். 1738இல் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில், ரோமருக்கு எழுதின நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோது, அவருடைய உள்ளம் விநோதமாக அனல்கொண்டது. இதைச் சொல்லாத மெதடிஸ்ட் போதகர் இல்லை. ஆனால் எட்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1739 ஜனவரி 4ஆம் தேதி தம் நாட்குறிப்பில், தாம் இப்போது கிறிஸ்தவனே அல்ல என்று அதே வெஸ்லி எழுதினார். தம்மிடத்தில் தேவ அன்பும் சந்தோஷமும் இல்லை என்று வரிசையாகக் காரணங்களையும் எழுதினார். அதே ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி பிரிஸ்டலில் முதன்முறையாகத் திறந்தவெளியில் நின்று ஏழை மக்களுக்குப் பிரசங்கித்தார். நம் சபைகளெல்லாம் பிறப்பதற்குக் காரணமான ஊழியம் அது. ஜனவரியின் அந்தப் பக்கத்துக்கும் ஏப்ரலின் இந்தப் பக்கத்துக்கும் நடுவே மூன்று மாதம்கூட இல்லை. அந்த ஜனவரிப் பக்கத்தையும் பிரசங்க மேடையிலிருந்து வாசித்துக்காட்ட வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். பின்வரிசையில் உட்கார்ந்து, எனக்கு மட்டும் ஏன் அனல் இல்லை என்று குமுறுகிறவர்களுக்கு அது ஒரு பிடி மாவாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மரத்தில் பால் வற்றுவதில் இரண்டு வகை உண்டென்று அப்பா சொல்வார். இலையுதிர்வால் வரும் வறட்சி ஒன்று. தளிர் முற்றியதும் பால் தானாகத் திரும்பிவிடும். அளவுக்கு மீறி அடிக்கடி வெட்டியதால் பட்டையே காய்ந்து பால் நின்றுபோவது மற்றொன்று; அந்த மரத்தை வெட்டாமல் ஓய்வில் விட வேண்டும், இன்னும் ஆழமாக வெட்டினால் மரம்தான் கெடும். என் வறட்சியில் இரண்டும் கலந்திருந்ததாக இப்போது நினைக்கிறேன். பல ஆண்டுகளாக ஒரு ஞாயிறும் விடாமல் நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எங்கள் போதகரிடம் போய், ஓய்வுநாள் பள்ளியிலிருந்து ஆறு மாதம் விலகிக்கொள்ள அனுமதி கேட்டேன். அவர் கேள்வி எதுவும் கேட்காமல் ஜெபித்து அனுப்பினார். சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாக விரும்பிய எலியாவுக்கும் தேவதூதன் முதலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான். மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்தான். ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் நாற்பது நாள் கழித்துத்தான். தூக்கமின்மையும் பசியின்மையும் வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலோ, தயவுசெய்து மருத்துவரிடம் போங்கள். அந்த மருத்துவரின் கையிலும் தேவன் அடையைக் கொடுத்தனுப்ப முடியும். அதை விசுவாசக் குறைவு என்று எவரேனும் சொன்னால் செவிகொடுக்காதீர்கள்.

இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வெள்ளம் வரவில்லை. சில காலைகளில் ஒரு வசனம் மெதுவாகப் பேசுகிறது, பல காலைகளில் பேசுவதில்லை. ஆனால் மூடியைத் திறக்கப் பயமில்லை. பாட்டி சென்ற ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்; அடக்க ஆராதனையில் இருபத்து மூன்றாம் சங்கீதத்தைத்தான் வாசித்தார்கள், நான் மனத்துக்குள் எண்பத்தெட்டின் முதல் வரியைச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அப்பா அந்த டின்னை நிறுத்தச் சொன்ன வருஷத்தில் வறட்சி நீண்டது. மார்ச் பாதியாகியும் தளிர் முற்றவில்லை. கடை முதலாளி 555 நோட்டை மூடி வைத்துவிட்டார். பிஸ்கட் டின்னுக்குள் பால் டின் உரசும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை மாலை உபதேசியார் வந்தார். அம்மா மைலோ டின்னை எடுத்து அவருடைய பையில் கவிழ்த்தார். அவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இருட்டிய பிறகு திரும்பவும் சைக்கிள் மணி கேட்டது. மற்ற லய வீடுகளில் சேர்த்திருந்த அரிசியெல்லாம் அடங்கிய பையைத் திண்ணையில் இறக்கி வைத்தார். பச்சரிசியும் புழுங்கலும் உடைந்த நொய்யுமாகப் பல வீட்டு அரிசி அதில் கலந்திருந்தது. "இந்த மாசம் இது உங்க வீட்டுக்கும்மா" என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையை உள்ளே தூக்கிச் சென்றார். அன்றைய உலைக்கு அளந்து முறத்தில் கொட்டினார். பிறகு அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, காலியாகத் திரும்பி வந்திருந்த மைலோ டின்னில் போட்டார். வெறும் தகரத்தில் அரிசி விழும் சத்தத்தைக் கேட்டு அப்பா திரும்பிப் பார்த்தார். எழுந்து போய் அடுப்புக்கு விறகு எடுத்து வந்தார்.